தாயமும் பங்காளியும்: பாரதத்தில் பங்கற்றோர்

‘தாயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் நிலைபெற்றுள்ளன. முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்து சேரும் உரிமை என்பது ஒன்று. கவறாட்டத்தில் விழும் எண் என்பது மற்றொன்று. சங்கப் பாடல்கள் அரசுரிமையைத் தாயம் என்றே சுட்டுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இரு பொருளையும் தருகிறது. திண்ணையில் உருட்டப்பெறும் தாயக்கட்டையும் வழக்குமன்றத்தில் பேசப்பெறும் தாயபாகமும் ஒரே ஒலியில் வந்து கூடுவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இவ்விரு பொருளையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் கதை ஒன்று உண்டெனில் அது பாரதமே. அரசுரிமையாகிய தாயம் அங்கே கவறாகிய தாயத்தின்மேல் வைத்து இழக்கப்படுகிறது. ‘பங்காளி’ என்னும் சொல்லும் இத்தகையதே. பங்குக்கு உரியவன் என்பது அதன் நேர்ப்பொருள். அவனே பகைவனும் ஆவான் என்பதைப் ‘பங்காளிக் காய்ச்சல்’ என்னும் உலக வழக்கு உணர்த்துகிறது.

இத்துணைக் கூரிய சொற்களைக் கைவசம் வைத்திருக்கும் ஒரு மொழியின் ஆய்வுலகம், பாரதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொத்து என்னும் சொல்லை ஒதுக்கிவிடுவது வியப்புக்குரியது. கருத்தரங்கக் கோவைகளைப் புரட்டினால் பாரதம் ‘ஊழின் வலிமை’யாக விளக்கப்படுகிறது, ‘பெண்ணின் சினம்’ ஆகிறது, ‘நட்பின் இலக்கணம்’ ஆகிறது, மிகுதியாக, ஒரு குடும்பத்தின் பழிவாங்கும் கதையாகச் சுருங்குகிறது. பழிக்குப் பழி என்னும் சட்டகத்துள் அடைத்துவிட்டால் இரு தரப்பும் சமமாகிவிடுகின்றன. அவன் இவளை அவமதித்தான், இவன் அவன் தொடையைப் பிளந்தான் என்று கணக்கு நேராகிவிடுகிறது. அந்தக் கணக்கேட்டில் பெயரே இல்லாதவர்கள் எத்தனை பேர் மாண்டனர் என்ற வினா எழுவதில்லை. பகை என்பது பங்குடையோரின் உரிமை. பங்கற்றவனுக்குப் பகையும் இல்லை. அவன் பிறர் பகையில் எரியும் விறகு மட்டுமே. இந்த வேறுபாட்டைக் காணாத எந்தப் பாரத ஆய்வும் அரண்மனைக்குள் இருந்துகொண்டே அரண்மனையை வருணிக்கும் ஆய்வாகவே அமையும்.

கன்னி மகன் இருவர்

குருகுலத்தின் தாயச் சிக்கல் துரியோதனனிடம் தொடங்கவில்லை. அது ஒரு மீனவர் தலைவனின் நிபந்தனையில் தொடங்குகிறது. சந்தனு தன் மகளை விரும்பியபோது, அவள் வயிற்றுப் பிள்ளைக்கே அரசுரிமை வரவேண்டும் என்று தாசராசன் கேட்டான். பட்டத்துக்குரிய மகன் அரசுரிமையையும் இல்லறத்தையும் துறந்து வீடுமன் ஆனான். ஆய்வாளர்கள் பெரும்பாலும் வீடுமனின் தியாகத்தைப் போற்றி மேலே சென்றுவிடுகின்றனர். ஆனால் நிகழ்ந்தது என்ன? ஆற்றங்கரையில் ஓடம் செலுத்திய பெண்ணின் தந்தை, அரசனோடு நின்று உரிமை பற்றிப் பேரம் பேசி வென்றான். பாரதம் முழுவதிலும் அடித்தட்டைச் சேர்ந்த ஒருவன் சொத்து பற்றிப் பேசி வெற்றி பெறும் இடம் இது ஒன்றே எனலாம். அதன்பின் அப்படியொரு பேச்சுக்குக் காப்பியத்தில் இடமில்லை.

சத்தியவதியின் புதல்வர் இருவரும் பிள்ளையின்றி மாண்டனர். குலம் அறும் நிலை வந்தபோது அவள் தன் கன்னிப் பருவத்து மகனை வெளிப்படுத்துகிறாள். பராசரருக்கு அவள் பெற்ற வியாசன் அழைக்கப்படுகிறான். அவன் வழியே திருதராட்டிரனும் பாண்டுவும் பிறக்கின்றனர். மணத்துக்கு முன் பிறந்த மகனை அறநூல்கள் ‘கானீனன்’ என்று வகைப்படுத்தும். ஒரு கானீனன்தான் குருகுலத்தைக் காத்தான். அவனை அழைத்ததில் எவர்க்கும் நாணமில்லை, வீடுமனும் இசைந்தான்.

ஒரு தலைமுறை கழிகிறது. குந்திக்கும் ஒரு கானீனன் உண்டு. அவன் ஆற்றில் விடப்பட்டான். பாண்டுவுக்குப் பிள்ளைப்பேறு இல்லையென்று ஆனபோது, எவ்வெவ்வாறெல்லாம் ஒருவனுக்கு மகன் வாய்க்கலாம் என்று அவன் குந்தியிடம் எண்ணிச் சொல்கிறான். ஆதி பருவத்தில் வரும் அந்தப் பட்டியலில் கானீனனும் இடம்பெறுகிறான். கணவனே வாய் திறந்து அச்சொல்லைச் சொல்லக் கேட்டும் குந்தி தன் மகனைப் பற்றி வாய் திறக்கவில்லை. வியாச பாரதத்தின் மிகக் கொடிய மௌனம் இதுவே. அவைக்களத்தில் வீடுமன் காத்த மௌனம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் உள்ளன. இந்த மௌனம் பற்றிப் பேச்சே இல்லை.

இரு கன்னி மகன்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? பிறப்பில் வேறுபாடில்லை. குடும்பத்தின் தேவையில்தான் வேறுபாடு. உரிமையாளன் இல்லாதபோது கானீனன் வேண்டப்பட்டான். தேவர்களை அழைக்க மந்திரம் கையில் இருந்தபோது அவன் வேண்டப்படவில்லை. வியாசன் முனிவனிடம் வளர்ந்தான். கர்ணன் தேரோட்டி வீட்டில் வளர்ந்தான். அறநூல் ஒன்றே, அதை எடுத்து ஓதும் வேளைதான் வேறு.

இதற்குச் சான்று உத்தியோக பருவத்திலேயே உண்டு. தூது முறிந்தபின் கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிச் சென்று பேசுகிறான். கன்னியிடம் பிறந்தவனும் அவளை மணந்தவனுக்கே மகனாவான் என்பது நூல் துணிபு. ஆகவே நீ பாண்டுவின் மூத்த மகன். வந்து முடிசூடிக்கொள் என்பது அவன் கூற்றின் சாரம். மனு தரும சாத்திரமோ கானீனனைச் சுற்றத்தானாக ஏற்றுத் தாயத்துக்கு உரியனல்லாத அறுவருள் ஒருவனாக வைக்கிறது. எனவே கண்ணன் கூறுவது ஐயத்துக்கு அப்பாற்பட்ட அறமன்று, வழக்காடுவோனின் வாதம். அவ்வாதம் எப்போது வருகிறது? போட்டிக் களத்தில் கிருபன் குலம் கேட்டபோது வரவில்லை. கர்ணனின் வளர்ப்புத் தந்தை அதிரதன் வியர்வை வழிய அக்களத்தில் வந்து நின்றபோது வரவில்லை. அவனைக் கண்டு, குலத்துக்கேற்பச் சாட்டையை எடுத்துக்கொள் என்று வீமன் எள்ளியபோதும் வரவில்லை. குந்தி அங்கேயே இருந்தாள், மயங்கி விழுந்தாள், பேசவில்லை. எதிர்ப்படையின் முதன்மை வில்லாளியைப் பிரிக்கவேண்டிய நாளில்தான் சட்டம் நினைவுக்கு வருகிறது.

விதுரன் நிலையையும் இங்கு இணைத்துக் காணவேண்டும். திருதராட்டிரனுக்குப் பார்வையின்மையாலும் விதுரனுக்குப் பணிப்பெண் வயிற்றுப் பிறப்பாலும் அரசுரிமை மறுக்கப்பட்டது, பாண்டு அரசனானான். உடற்குறையால் விலக்கப்பட்டவனின் மக்கள் பின்னர் அந்த உரிமையை மீட்கப் போரிட்டனர். அதற்கொரு பதினெண் நாள் போர் உண்டு. பிறப்பால் விலக்கப்பட்டவனுக்கு அறிவுரை கூறும் பதவி கிடைத்தது. விதுரநீதி என்று நாம் கொண்டாடும் பகுதி, மூவருள் முற்றிலும் தகுதி வாய்ந்தவன் ஆளும் உரிமையின்றி இரவெல்லாம் விழித்திருந்து, ஆள்பவனுக்குச் சொன்ன சொற்கள்.

செஞ்சோறு யார் சோறு?

தமிழில் கர்ணன் பெயர் சொன்னாலே செஞ்சோற்றுக்கடன் என்னும் தொடர் உடன் வருகிறது. வில்லிபுத்தூரார் இதற்கு வலுவான அடித்தளம் இட்டவர். துரியோதனன் மனைவியோடு தனித்திருந்தபோது அவளது மேகலை மணிகள் சிதறின என்றும், அதைக் கண்ட துரியோதனன் ஐயுறாமல் மணிகளை எடுத்துத் தரவா என்று வினவினான் என்றும் கர்ணனே குந்தியிடம் சொல்வதாக அவர் அமைத்த காட்சி வடமொழி மூலத்தில் இல்லாதது. அழகிலும் நுட்பத்திலும் மூலத்தை விஞ்சுவது. பி.ஆர்.பந்துலு இயக்கி 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம் அந்த நன்றியுணர்வைத் தமிழகத்தின் கடைக்கோடி வரை கொண்டுசேர்த்தது. கவிஞர் மீதும் கலைஞர் மீதும் இங்குக் குறை கூறுவதற்கில்லை. குறை திறனாய்வின்மேல் உள்ளது. காப்பியத் தலைவன் ஒருவன் நன்றி பாராட்டினான் என்பதை, ஏழையாய் வளர்ந்தவன் எவனும் அவ்வாறே நன்றி பாராட்டக் கடமைப்பட்டவன் என்ற அறமாக அது மாற்றிவிட்டது. செஞ்சோற்றுக்கடன் என்பது உண்டவன் சொல்லும்போது பெருந்தன்மை. ஊட்டியவன் தரப்பிலிருந்து சொல்லப்படும்போது அது அடிமைச் சாசனம்.

துரியோதனன் கொடுத்தது என்ன என்று நிதானித்துப் பார்க்கவேண்டும். வீரர்க்கும் ஆறுகட்கும் மூலம் ஆராயலாகாது என்று அவன் வாதிட்டது உண்மை. வியாச பாரதத்தில் அவன் பேசும் நல்ல பேச்சுகளுள் அது ஒன்று. ஆனால் அரசகுலத்தானே அரசகுமாரனோடு பொரலாம் என்ற விதியை அவன் மாற்றவில்லை. அங்க நாட்டு முடியைத் தந்து ஒருவனுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தான். விதி அப்படியே நின்றது. அடுத்த தேரோட்டி மகன் வந்திருந்தால் அவனுக்குக் கொடுக்க இன்னொரு நாடு தேவைப்பட்டிருக்கும். அந்த அங்க நாடும் யாருடைய பொருள்? பங்கு தீராத குடும்பச் சொத்தின் அதிகாரத்திலிருந்து வழங்கப்பட்ட கொடை. எனவே சோறு துரியோதனனுடையது என்பதே வழக்கில் உள்ள செய்தி.

இதனினும் முக்கியமான ஒன்று திறனாய்வில் மறைந்துபோயிற்று. வியாச பாரதத்தில் கண்ணனுக்குக் கர்ணன் சொல்லும் மறுமொழியில் துரியோதனனின் நட்பு மட்டும் காரணமாக வரவில்லை. அதற்கு முன்பாகவே வருபவர்கள் அதிரதனும் இராதையும். தன்னைக் கண்டவுடன் இராதைக்குப் பால் சுரந்ததையும், தன் மலசலம் அவள் எடுத்ததையும், அதிரதன் தனக்குப் பிறப்புச் சடங்குகள் செய்ததையும், அவன் தேர்ந்த பெண்களையே தான் மணந்ததையும், அவர்கள் வயிற்றில் மக்களும் பெயரரும் தனக்கு உண்டானதையும் அவன் வரிசைப்படுத்துகிறான். பொற்குவை தந்தாலும் மண் முழுதும் தந்தாலும் இந்தச் சுற்றத்தைப் பொய்யாக்க இயலாது என்கிறான். நட்புக்கடன் அதன்பின்னரே வருகிறது. அரசுரிமையையும் தேரோட்டி வீட்டையும் எதிரெதிரே வைத்து ஒருவன் பின்னதைத் தெரிந்தெடுத்த இடம் இது. சூதர் சேரியின் உறவை மன்னர் மன்றின் முடியினும் மேலாகக் கொண்ட அந்த முடிவை, எசமானனுக்கு உண்மையாய் இருந்த வேலைக்காரனின் முடிவாகச் சுருக்கியது யார்? இராதைக்குத் தமிழ்த் திறனாய்வில் இருக்கும் இடத்தை நோக்கினால் விடை கிடைக்கும். அவளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுதப்பட்டிருக்குமேல் அது அரிய விதிவிலக்காகவே இருக்கும்.

இதற்கு எதிர்நிலையில் மற்றொரு வாசிப்பு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. கர்ணன் ஒடுக்கப்பட்டோரின் தலைவன் என்பது அது. இதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தவன், கதிரவன் மகன், உண்மையில் மூத்த பாண்டவன். அவனுடைய வீரத்துக்கும் கொடைக்கும் காப்பியம் காட்டும் வேர் அவன் மறைந்த பிறப்பே. தாழ்ந்தவன் என்று எண்ணப்பட்டவன் உயர்ந்தவனாகவே பிறந்திருந்தான் என்று முடியும் கதை, தாழ்ந்தவன் உயரலாம் என்று சொல்லும் கதை ஆகாது. அன்றியும் அவைக்களத்தில் திரௌபதியை இழிவுபடுத்திய குரல்களுள் மிகக் கடுமையானது கர்ணனுடையது. அவையில் குலம் சொல்லி எள்ளப்பட்டவன், அவையில் நிறுத்தப்பட்ட பெண்ணை எள்ளினான். துரியோதனன் மகிழ்ச்சிக்காகப் பேசிய அச்சொற்களுக்குத் தான் வருந்துவதாக அவனே கண்ணனிடம் கூறுகிறான். செஞ்சோற்றுக்கடனின் உண்மையான வட்டி இதுதான். சோறிட்டவன் சிரிக்கவேண்டுமென்று தன் காயத்தையே பிறர்மேல் ஏவவேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் அவனைத் தலைவனாக்குவது அவனுக்கும் நீதியன்று, அவளுக்கும் நீதியன்று.

திரௌபதி எழுப்பிய வினாவும் சொத்து பற்றியதே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. தன்னை இழந்தபின் ஒருவன் மனைவியைப் பணயம் வைக்க உரியனா என்று அவள் கேட்டாள். உரிமை யாருடையது, எந்நொடி வரை அது நிற்கும் என்னும் வழக்கு அது. வீடுமன் அறம் நுண்ணியது என்றான். விகர்ணன் ஒருவன் அவளுக்காகப் பேசினான். அவனை அடக்கியவனும் கர்ணனே.

எரிந்தவர்கள்

அரக்கு மாளிகை பற்றி எழுதுவோர் பாண்டவர் தப்பியதையே எழுதுகின்றனர். தப்பியவர் அறுவர், எரிந்தவரும் அறுவர். குந்தி அளித்த விருந்துக்கு வந்த வேடர்குலப் பெண் ஒருத்தியும் அவள் மக்கள் ஐவரும் கள்ளுண்டு அங்கேயே உறங்கினர். வீமன் தீயிட்டான். மறுநாள் கிடைத்த கரிந்த உடல்கள் ஆறும் பாண்டவரும் தாயும் என்று கொள்ளப்பட்டன. ஊர் அழுதது, அத்தினாபுரம் நீர்க்கடன் செய்தது. யாருக்காக அழுதார்கள் என்பதை நோக்கவேண்டும். அந்தத் தாயின் பெயரை வியாச பாரதம் சொல்லவில்லை. தாயும் ஐந்து மக்களும் என்னும் எண்ணிக்கை பொருந்தியதுதான் அவள் செய்த குற்றம். வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி இந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, முதுமையில் காட்டில் வாழும் குந்தியின் முன் ஒரு வேடர்குலப் பெண்ணை நிறுத்தி வினவச் செய்தார். குருட்சேத்திரத்துப் பழி அனைத்தையும் எண்ணி வருந்தும் குந்திக்கு இந்த அறுவர் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் அக்கதையின் கூர்முனை. கன்னடத்தில் குவெம்பு ஏகலைவன் கதையை நாடகமாக்கியது 1947இல். மராத்தியில் ஐராவதி கார்வே ‘யுகாந்த’ நூலில், காண்டவ வனம் எரிந்ததை நிலம் கொள்வதற்காக நடந்த அழிப்பாகக் கண்டு எழுதினார். 1968இல் அந்நூல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அண்டை மொழிகளில் இவை படைப்பாகவும் ஆய்வாகவும் வந்துவிட்ட பின்னரும், தமிழ்த் துறைகளின் பாரத ஆய்வு உவமை நலத்திலும் பாத்திரப் பண்பிலும் தங்கிக் கிடக்கிறது.

காண்டவ வனத்தின் கதையைப் பங்கு என்னும் கோணத்தில் வைத்தால் அதன் கொடுமை விளங்கும். பாகப்பிரிவினையில் பாண்டவர்க்குக் கிடைத்தது காண்டவப்பிரத்தம். பின்னர் அதனை அடுத்த காட்டை அக்கினிக்கு உணவாக்கிய அருச்சுனனும் கண்ணனும் இருபுறமும் நின்று தப்பியோடிய உயிர்களைத் தடுத்தனர். பிழைத்தவர் அசுவசேனன் என்னும் நாகன், மயன், நான்கு பறவைக் குஞ்சுகள். மயன் கைம்மாறாகக் கட்டிய மண்டபமே துரியோதனன் உள்ளத்தில் அழுக்காற்றைக் கிளப்பியது. அழுக்காறு சூதாயிற்று, சூது போராயிற்று. ஆக, பங்காளிகளின் பகைக்கு அடிக்கல்லாக அமைந்தது பங்கே இல்லாத நாகர்களின் சாம்பல். அசுவசேனன் மட்டும் கணக்கை மறக்கவில்லை. கர்ணனின் அம்பில் ஏறி அருச்சுனன்மேல் வந்தான்; இலக்குத் தவறிற்று; இரண்டாம் முறை ஏவும்படி வேண்டியபோது பிறர் வலிமையால் வெல்ல விரும்பவில்லையெனக் கர்ணன் மறுத்தான். வில்லிபுத்தூரார் இம்மறுப்பைக் குந்தி பெற்ற வரத்தோடு பிணைத்தார். எவ்வாறாயினும் தாயை இழந்த அந்த நாகனின் பழி அரசகுலத்தார் மானத்தின்முன் நிற்கவில்லை.

கடோற்கசன் செய்தியில் காப்பியமே மறைவின்றிப் பேசுகிறது. பதினான்காம் நாள் இரவுப்போரில் இந்திரன் தந்த வேலைக் கர்ணன் அவன்மேல் ஏவினான். இடும்பியின் மகன் விழுந்தபோது பாண்டவர் கண்ணீர் விட்டனர். கண்ணன் ஆர்ப்பரித்து அருச்சுனனைத் தழுவிக்கொண்டான். அருச்சுனனுக்கு வைத்திருந்த வேல் வேறொருவன் மார்பில் தீர்ந்தது என்பது அம்மகிழ்ச்சிக்குக் காரணம். அதனோடு நில்லாமல், வேள்விப் பகைவனாகிய இவனைக் கர்ணன் கொல்லாவிடில் தானே கொல்லவேண்டி வந்திருக்கும் என்றும், சராசந்தனையும் சிசுபாலனையும் ஏகலைவனையும் பாண்டவர் நலத்துக்காகவே அகற்றியதாகவும் அவன் விளக்குகிறான். துரோணன் கேட்ட கட்டைவிரல் குருபக்தியின் அடையாளம் என்று பள்ளி மேடைகள்தோறும் முழங்கப்படுகிறது. அது போர்த்திட்டத்தின் ஒரு படி என்று கண்ணன் வாயாலேயே துரோண பருவம் சொல்லிவிட்டது.

திரௌபதியின் மைந்தர் ஐவரும் அபிமன்யுவும் மாண்டார்களே, அரசகுலமும் இழந்ததே என்று ஒரு மறுப்பு எழக்கூடும். இழந்தது மெய். ஆனால் அபிமன்யுவுக்காக மறுநாள் கதிரவன் சாயுமுன் சயத்திரதன் தலை உருண்டது. உறக்கத்தில் கொல்லப்பட்ட ஐவருக்காக அசுவத்தாமனின் நெற்றிமணி பறிக்கப்பட்டது. கடோற்கசனுக்கு ஆர்ப்பொலி கிடைத்தது. பழிவாங்கப்படும் உரிமையும் ஒரு சொத்தே. அதுவும் தாயத்தார்க்கே உரியது.

தமிழ் மரபு இங்கு வடமொழி மூலத்தினும் ஒருபடி மேலே சென்று உண்மையைக் காட்டியிருக்கிறது. மூலத்தில் உலூபியின் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் அரக்கன் ஒருவனால் கொல்லப்படுகிறான், அவ்வளவே. தமிழில் அவன் அரவான் ஆகி, பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலி ஆகிறான். பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இதற்கு இடமுண்டு. வில்லி பாரதமும் பாடுகிறது. நாகப் பெண்ணின் மகனைத்தான் தந்தையர் தங்கள் கையால் பலியிட்டனர் என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு தமிழ்க் கதைமரபுக்கு இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டி மறுநாள் அறுத்து அழும் திருநங்கையர், அத்தினாபுரம் அழாத அழுகையை அழுகின்றனர். இவ்விழாவை நாட்டார் வழக்காற்றியல் என்னும் தனிப்பெட்டியில் வைத்துப் பூட்டி, காப்பிய ஆய்வைத் தனியே நடத்துவது எவ்வகை முறையியல்?

பொன்னுருவி கேட்டது

வர்க்கம், சாதி, உரிமை முதலிய இக்காலக் கருத்துகளைப் பழங்காப்பியத்தின்மேல் ஏற்றுவது முறையன்று என்பது துறைசார் அவைகளில் வழமையாகக் கேட்கும் குரல். ஆழமற்ற ஏற்றுதல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தேரோட்டி மகனை மணக்கமாட்டேன் என்று திரௌபதி மன்றில் மறுத்ததாகச் சொல்லப்படும் கூற்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. புனே பண்டார்க்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுசெய்த செம்பதிப்பு அக்கூற்றை மூலத்தினின்று நீக்கி அடிக்குறிப்பில் வைத்துள்ளது என்பதை அவை அறிந்ததாகத் தெரியவில்லை. பாடத்திறனாய்வு இன்றிச் சமூகத் திறனாய்வு நிற்காது. ஆயினும் அந்த ஒரு கூற்று போனதால் வினா போய்விடவில்லை. கிருபன் கேட்ட குலம், வீமன் சொன்ன சாட்டை, விதுரனுக்கு மறுத்த முடி, ஏகலைவனின் விரல் ஆகிய நான்கும் செம்பதிப்பில் அப்படியே உள்ளன. கருத்தை ஏற்றியது இக்கால ஆய்வாளன் அல்லன்.

கூத்து மரபு இதனை என்றோ கண்டுகொண்டது. வட தமிழகத்துத் தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ பெரிதும் விரும்பப்படும் நாடகம். இறந்தோர்க்கான காரிய நாளில் அதனை நடத்தும் வழக்கமும் உண்டு. அதில் கர்ணனின் மனைவி பொன்னுருவி அரசகுலத்தவள். கணவன் தேரோட்டி மகன் என்று அவனை அண்டவிடாதவள். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘பொன்னுருவி மசக்கை’யும் இப்பகையைப் பாடுகிறது. போருக்குப் புறப்படும் கணவனிடம் அவள் குலம் பேசுவதும், உண்மை தெரிந்தபின் அரற்றுவதும் விடிய விடிய ஆடப்படுகின்றன. பார்த்திருப்போர் பெரும்பாலும் நிலத்தில் உழைப்போர்; பலருக்குத் தம் பெயரில் பட்டா இல்லை. அவர்கள் அந்தக் காட்சியில் பழிவாங்கும் கதையைக் காண்பதில்லை. குலம் கேட்டு வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவனைக் காண்கின்றனர். எழுத்தறியாதோர் கலை என்று ஒதுக்கப்பட்ட அக்கூத்து, ஆய்வேடுகள் தொடத் தயங்கும் இடத்தில் முதல் தாளத்தைத் தட்டுகிறது.

வில்லி பாரதம் பத்துப் பருவங்களோடு நிறைவுறுவதால் போருக்குப் பிந்திய பங்கீடு தமிழ்ப் பாடவகுப்பில் பேசப்படுவதே இல்லை. அந்த இழப்பு சிறிதன்று. நீர்க்கடன் நாளில் கர்ணனுக்கும் நீர்விடச் சொல்லித் தாய் உண்மையைச் சொன்னபோது தருமன் நிலைகுலைகிறான். முன்பே அறிந்திருந்தால் இப்போர் நேர்ந்திராது என்கிறான். அரசு வேண்டாமெனக் காடேக முனைகிறான். சாந்தி பருவத்தின் வாயில் இது. அறம், அரசியல், வீடுபேறு பற்றிய அவ்வளவு பெரிய உரையாடலும் பங்கு மறுக்கப்பட்ட ஒருவனின் பிணத்தருகே தொடங்குகிறது. இப்பகுதியைத் தமிழ் மாணவர்கள் படிக்க நல்லாப்பிள்ளை பாரதமும் கும்பகோணம் பதிப்பின் உரைநடைப் பெயர்ப்பும் உள்ளன. பாடத்திட்டக் குழுக்கள் தூதுச் சருக்கத்தோடு மனநிறைவு கொள்ளாமல் இவற்றிலிருந்தும் பகுதிகளை வைத்தால், தேர்வுத்தாளில் கண்ணனின் சொல்வன்மைக்கு அடுத்ததாக அதிரதனைப் பற்றியும் ஒரு வினா இடம்பெறக்கூடும். முதல் தலைமுறையாகப் பட்ட வகுப்புக்கு வரும் மாணவர் எந்த வினாவுக்கு விடையெழுத முந்துவர் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

பாரதம் முதலில் முழுமையாக ஓதப்பட்ட இடம் ஒரு பழிவாங்கும் வேள்விச்சாலை. தந்தை பரீட்சித்தைத் தக்கன் கொன்றதற்காக, நாக இனம் முழுவதையும் நெருப்பில் வீழ்த்தச் சனமேசயன் வேள்வி தொடங்கினான். தாயத்தின் கடைசி உரிமையாளன் அமர்ந்து முன்னோர் கதையைக் கேட்டான். அவ்வேள்வியை நிறுத்தியவன் ஆத்திகன்; நாகப் பெண்ணின் மகன். உரிமை கேட்டு வந்தவன் அல்லன் அவன். எரிவதை நிறுத்தக் கேட்டு வந்தவன்.

அந்த உரிமை சனமேசயனின் தந்தையிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும் நூல் குறித்து வைத்துள்ளது. பாண்டவர் உலகு துறந்து வடதிசை செல்லும்போது பரீட்சித்துக்கு முடிசூட்டினர். நாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பை யுயுத்சுவிடம் ஒப்படைத்தனர். திருதராட்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்த மகன் அவன். போர் தொடங்கும் வேளையில் தருமன் பக்கம் வந்தவன். அம்மன்னன் மக்களுள் உயிரோடு எஞ்சிய ஒருவன். தந்தை வழியில் உயிரோடிருந்த வேறு மகன் எவனும் அன்று இல்லை. ஆயினும் முடி அபிமன்யுவின் மகனுக்கே சென்றது. யுயுத்சு காவலுக்கு நின்றான்.